ஆடுகளமும் அறமன்றமும்

‘விளையாட்டு’ என்னும் சொல் நம் வழக்கில் இருபொருள்பட நிற்கின்றது. பந்தாடுதலும் ஓடுதலும் விளையாட்டு. பொறுப்பின்றிச் செய்யும் செயலும் விளையாட்டே. “விளையாட்டாகச் சொன்னேன்” என்கின்றோம். “விளையாட்டுப் பிள்ளை” என்று கடிகின்றோம். வினை வேறு, விளையாட்டு வேறு. வினைக்குக் கூலி உண்டு, விளையாட்டுக்குக் களிப்பே கூலி என்னும் கருத்து இச்சொல் வழக்கினுள் ஒளிந்து கிடக்கின்றது. பந்தாடிப் பொருளீட்டுவோர் தம் தொழில் உரிமைக்காக வழக்காடுகின்றனர் என்னும் செய்தியை நாளிதழில் காணும்போதெல்லாம், உழவனும் நெசவாளனும் கேட்கவேண்டியதை இவர்கள் கேட்கின்றனரே என்று யானும் நெடுங்காலம் நகைத்ததுண்டு. அந்நகைப்புத் தவறு என்பதே இப்போது என் கருத்து. அக்கருத்துக்கு வந்த வழியைச் சொல்லுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெயரன் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஏலம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வோர் ஆட்டக்காரர் பெயராக அழைக்க, செல்வர் பலர் போட்டியிட்டு விலை கூறினர். “மாட்டுச் சந்தையில் அன்றோ இவ்வாறு விலை கூறுவர்?” என்றேன். “அந்த விலை ஆட்டக்காரருக்கே ஊதியமாகப் போகிறது, தாத்தா. மாட்டின் விலை மாட்டுக்கா போகிறது?” என்று அவன் திருப்பிக் கேட்டான். விடை கூற இயலாது வாளா இருந்தேன். பின்னர் இதுபற்றிய நூல்களைத் தேடிப் படித்தபோது, விலை ஆட்டக்காரருக்குப் போகாத காலமும் ஒன்று இருந்தது என அறிந்தேன். அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் ஒரு கழகம் தன் ஆட்டக்காரரை மற்றொரு கழகத்துக்கு விற்கும்; விலையைக் கழகத்தின் உரிமையாளர் பெறுவர்; விற்கப்பட்டவர் பெட்டி படுக்கையுடன் ஊர் மாறுவார். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இது நடந்தது.

இதற்கு வேராக இருந்தது தக்கவைப்பு விதி. 1879-ஆம் ஆண்டில் நேஷனல் லீக் என்னும் கூட்டமைப்பின் கழகங்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஒவ்வொரு கழகமும் தன் ஆட்டக்காரருள் ஐவரைக் குறித்துக் கொடுக்கலாம். அவ்வைவரைப் பிற கழகங்கள் வேலைக்கு அமர்த்துதல் கூடாது. தொடக்கத்தில், குறிக்கப்பட்ட ஐவருள் ஒருவராதல் பெருமை என்றுகூடச் சிலர் கருதினர். ஐவர் என்பது விரைவில் பதினொருவர் ஆயிற்று. பின்னர்க் கழகத்தில் உள்ளோர் அனைவரையும் அவ்விதி பற்றிக்கொண்டது. கழகம் கொடுக்கும் ஊதியத்தைப் பெற்று ஆடலாம். அன்றேல் ஆட்டத்தையே விட்டுவிடலாம். வேறு கழகத்தில் வேலை தேடும் வழி அடைபட்டது. தச்சனுக்கும் கொத்தனுக்கும் இருந்த உரிமை பந்தாடுவோர்க்கு இல்லை.

இதனை முதன்முதல் எதிர்த்து நின்றவர் ஆட்டக்காரராக இருந்தே சட்டம் கற்ற ஒருவர் ஆவார். ஜான் மாண்ட்கோமரி வார்ட் 1860-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையையும் தாயையும் இழந்தார். அவர் பந்தெறிவதில் வல்லவர். 1880-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நிகழ்ந்த ஓர் ஆட்டத்தில், எதிர்த்து அடிக்க வந்த 27 பேருள் ஒருவரும் முதல் தளத்தைக்கூட அடையாதவாறு எறிந்தார். அத்தகைய அருஞ்செயல் அந்நாளைய தலைமைக் குழுக்களின் வரலாற்றில் அதற்குமுன் ஒருமுறையே நிகழ்ந்திருந்தது. பின்னர் எறியும் கை பழுதுற்றது. வேறொருவராயின் அத்துடன் அடங்கியிருப்பர். வார்ட் வேறிடத்தில் நின்று ஆடப் பழகிக்கொண்டார். ஆடிக்கொண்டே நியூயார்க் நகரின் கொலம்பியாக் கல்லூரியில் சட்டம் பயின்று 1885-ல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே தம் குழுவினர் சிலருடன் கூடி, தொழில்முறைப் பந்தாட்டக்காரர்க்கெனச் சகோதரர் சங்கம் ஒன்றை நிறுவினார்.

1887-ல் அவர் இதழொன்றில் ஒரு கட்டுரை வரைந்தார். பேஸ்பால் ஆட்டக்காரர் உடைமைப் பொருளா என்னும் வினாவே அதன் தலைப்பு. மாணவர்களே, அவ்வினாவின் கூர்மையை உணர வேண்டுமாயின் ஆண்டுக் கணக்கை நோக்குக. அந்நாட்டில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1865-ல். மனிதரை விலைக்கு வாங்கிய காட்சியைக் கண்ணால் கண்டோர் அப்போதும் நாடெங்கும் வாழ்ந்திருந்தனர். அவர்கள் முன்னிலையில் அவ்வினாவை எழுப்புதற்குத் துணிவு வேண்டும்.

கழக உரிமையாளரோ மேலும் ஒருபடி சென்றனர். 1888-ஆம் ஆண்டின் இறுதியில், வார்ட் உலகச் சுற்றுப்பயணத்தில் கடல் கடந்து சென்றிருந்த வேளையில், ஆட்டக்காரரை ஐந்து வகுப்பாகப் பிரித்தனர். முதல் வகுப்பினர்க்கு 2,500 டாலர். ஐந்தாம் வகுப்பினர்க்கு 1,500 டாலர். ஆட்டத் திறன் மட்டுமன்றி ஒழுக்கமும் ஊக்கமும் பார்த்து வகுப்பு அமைக்கப்படும் என்றனர். ஒழுக்கத்துக்கு மதிப்பெண் இடுவோர், ஊதியம் கொடுக்கும் உரிமையாளரே! தேர்வு எழுதுவோனின் விடைத்தாளை அவனுக்குக் கடன்பட்டவனே திருத்துவது போன்றது இது.

திரும்பி வந்த வார்ட், 1890-ல் ஆட்டக்காரர் தாமே பங்கு கொண்டு நடத்தும் புதிய கூட்டமைப்பைத் தொடங்கினார். தக்கவைப்பு விதி அதில் இல்லை. பழைய உரிமையாளர் விடுவரா? வார்ட் வேறு எங்கும் ஆடலாகாது என்று தடை வேண்டி நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். நீதிபதி ஓ’பிரையன் தடை வழங்க மறுத்தார். கழகம் பத்து நாள் முன்னறிவிப்புத் தந்து ஆட்டக்காரரை நீக்கிவிடலாமாம். ஆட்டக்காரரோ ஆண்டுதோறும் கழகத்துக்கே கட்டுப்பட்டிருக்க வேண்டுமாம். ஒருபுறம் பத்து நாள், மறுபுறம் எல்லையற்ற காலம். இத்தகைய ஒப்பந்தத்தில் நேர்மை யாது என்பது அவர் நோக்கு.

வழக்கில் வென்ற வார்ட், கணக்கில் தோற்றார். புதிய கூட்டமைப்பு ஓராண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. இரு தரப்பினர்க்கும் பெருநட்டம் நேர்ந்தது. பழைய உரிமையாளர் தம் நட்டத்தை மறைத்துக்கொண்டனர். ஆட்டக்காரர்க்குப் பொருளுதவி செய்த செல்வர்களோ மனந்தளர்ந்து அவர்களுடனே சமாதானம் பேசிவிட்டனர். சட்டம் கற்றவர் தலைமை தாங்கினால் போதும், வெற்றி உறுதி என்று எண்ணுவோர் இவ்விடத்தைச் சிறிது ஊன்றிப் படிக்க வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பு கதவைத் திறந்தது. உள்ளே சென்று வாழ்வதற்கு முதல் இல்லை. ஆயினும் வார்ட் ஓய்ந்தாரல்லர். ஆட்டத்தைவிட்டு வழக்கறிஞரான பின் ஆட்டக்காரர் பலர்க்காக வாதாடினார். அமாஸ் ரூசி என்னும் பெயர்பெற்ற பந்தெறிவாளர், தமக்கு விதித்த 200 டாலர் தண்டத்தை ஏற்க மறுத்து 1896-ஆம் ஆண்டு முழுதும் ஆடாதிருந்தார். அவருக்காக நின்றவர் வார்டே. வழக்கு முற்றினால் தக்கவைப்பு விதி நீதிமன்றத்தில் என்னாகுமோ என்று அஞ்சிய பிற கழக உரிமையாளர் தாமே பணம் திரட்டி ரூசிக்குக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டனர். வார்ட் 1925-ல் மறைந்தார். அப்போதும் அவ்விதி அசையாதிருந்தது.

அசையாமைக்குக் காரணம் 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. மாநிலங்களுக்கிடையே நடைபெறும் வாணிகத்தில் தனியுரிமைக் கூட்டுச் சேர்ந்து போட்டியை ஒழித்தல் அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். பேஸ்பால் கழகங்கள் செய்ததும் அதுவே அன்றோ என்று பால்டிமோர்க் கழகம் ஒன்று வழக்கிட்டது. தீர்ப்பு எழுதியவர் ஹோம்ஸ் என்னும் பேரறிஞர். பந்தாட்டம் அந்தந்த ஊரில் நிகழும் காட்சி; ஆட்டக்காரர் மாநிலம்விட்டு மாநிலம் செல்வது அதற்கு இயைபான சிறு நிகழ்ச்சி; உடல் முயற்சி எப்பொருளையும் ஆக்காமையின் அது வாணிகம் ஆகாது என்று அவர் முடிவு செய்தார். நுழைவுச் சீட்டு விற்றுச் செல்வம் குவித்த தொழில் வாணிகம் ஆகாதாம்! நம் ‘விளையாட்டு’ என்னும் சொல்லில் ஒளிந்திருக்கும் அதே கருத்து, கடலுக்கு அப்பால் சட்டமாகவே ஆகிவிட்டது. பேரறிஞரும் சறுக்கும் இடம் உண்டு.

அரை நூற்றாண்டு கழிந்து, கர்ட் ஃபிளட் என்னும் கறுப்பின ஆட்டக்காரர் அத்தீர்ப்பின்மேல் மோதினார். செயின்ட் லூயிஸ் நகரக் குழுவில் பன்னிரண்டு ஆண்டு ஆடிய அவரை, 1969-ஆம் ஆண்டு அக்டோபரில் பிலடெல்பியாக் குழுவுக்கு மாற்றிவிட்டனர். அவர் இசைவை ஒருவரும் கேட்கவில்லை. தம் விருப்பம் நோக்காது வாங்கவும் விற்கவும் தாம் ஓர் உடைமையல்லர் என்று ஆட்டத்தின் ஆணையருக்கு அவர் கடிதம் எழுதினார். பின் வழக்குத் தொடுத்தார். அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர், முன்னர் அம்மன்றத்திலேயே நீதிபதியாக வீற்றிருந்த ஆர்தர் கோல்ட்பர்க். அவரினும் புகழ்மிக்க வழக்கறிஞரை எங்கே தேடுவது? ஆயினும் அன்று அவர் வாதம் சிறக்கவில்லை என்பர். கீழ்மன்றத்தில் விசாரணை நிகழ்ந்தபோது, ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சன் போன்றோர் வந்து சான்று கூறினர். அந்நாளில் ஆடிக்கொண்டிருந்தோருள் ஒருவரும் அம்மன்றத்தின் பக்கம் தலைகாட்டவில்லை. பிழைப்புக்கு அஞ்சினர் போலும். 1972-ல் ஐவர்க்கு மூவர் என்ற கணக்கில் ஃபிளட் தோற்றார். பழைய தீர்ப்பு பொருந்தாத ஒன்றே என ஒப்புக்கொண்ட நீதிபதிகள், அதனைத் திருத்துதல் சட்டமன்றத்தின் கடன் என்று கைகழுவினர். அத்தீர்ப்பின் முகப்பில் பழைய ஆட்டக்காரர் எண்பதின்மர்க்கு மேற்பட்டோரின் பெயர்களை நிரல்படத் தொகுத்துள்ளனர். முன்னோர்க்குப் பெயர்மாலை, எதிரே நின்றவர்க்கு வெறுங்கை.

இனி யான் மிகவும் விரும்பிப் படித்த பகுதிக்கு வருகின்றேன். பெருவழக்கு நடந்த காலத்திலேயே, ஆரவாரமின்றி வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய மார்வின் மில்லர் என்னும் பொருளியல் வல்லுநர் 1966-ல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அதே எஃகுச் சங்கத்திலிருந்து ரிச்சர்டு மாஸ் என்னும் வழக்கறிஞரும் அவருடன் வந்து சேர்ந்தார். 1968-ல் முதற்கூட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. மிகக் குறைந்த ஊதியம் ஆண்டுக்கு 6,000 டாலராக இருந்தது 10,000 ஆயிற்று. 1970-ல், கழகத்துக்கும் ஆட்டக்காரருக்கும் பிணக்கு நேர்ந்தால் இருசாராரையும் சாராத நடுவர் ஒருவர் தீர்ப்பளிப்பார் என்னும் விதியைப் பெற்றனர். செய்தித்தாள்கள் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. பின்னர் விளைந்தன யாவும் அவ்வொரு விதியில் விளைந்தனவே.

தக்கவைப்பு விதி ஒவ்வோர் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்திலும் ஒரு வாசகமாக இருந்தது. ஆட்டக்காரர் புதிய ஒப்பந்தத்தில் ஒப்பமிட மறுத்தால், கழகம் பழைய ஒப்பந்தத்தை அதே நிபந்தனைகளுடன் ஓராண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பது அவ்வாசகத்தின் பொருள். உரிமையாளர் இதற்கு உரை கூறினர்: அதே நிபந்தனைகள் எனின், புதுப்பிக்கும் உரிமையும் அந்நிபந்தனைகளுள் ஒன்றன்றோ? ஆகவே ஓராண்டு முடிந்தபின் மீண்டும் ஓராண்டு, அதன்பின் மீண்டும் ஓராண்டு என முடிவின்றிப் புதுப்பிக்கலாம். எதிரெதிர் வைத்த இரு கண்ணாடிகளுள் உருவம் முடிவின்றித் தோன்றுமே, அதுபோன்றது இவ்வுரை.

முப்பதாண்டுக்கு மேல் நூல்களுக்கு உரை சொல்லிப் பிழைத்தவன் யான். மூலத்தில் இல்லாததை உரையால் ஏற்றுவோரைப் பலகால் கண்டிருக்கின்றேன். அவர்க்கு மறுமொழி எப்போதும் ஒன்றே: மூலத்தைப் படியுங்கள். மாஸ் செய்ததும் அதுவே. ஓராண்டு என்று எழுதியிருக்கின்றது. ஓராண்டு என்பதற்கு ஓராண்டு என்பதே பொருள். எக்காலமும் எனக் கருதினால் எக்காலமும் என்று எழுதியிருக்க வேண்டும். வாதத்தின் உயிர் இவ்வளவே.

ஆயினும் வாதம் மட்டும் இருந்தால் போதாது. ஓராண்டு முழுதும் ஒப்பமிடாமல் ஆடிக் காட்டும் ஆள் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் குழுவின் ஆண்டி மெசர்ஸ்மித் 1975-ல் அவ்வாறு ஆடினார். அவர் இடையில் மனம் மாறி ஒப்பமிட்டுவிட்டால் வழக்கே இல்லாது போகும். அதற்கு அரணாக டேவ் மெக்னலி என்பாரும் தம் பெயரைத் தந்தார். மெக்னலி அவ்வாண்டின் நடுவிலேயே ஆட்டத்தை விட்டு மாண்டானா மாநிலத்தில் உள்ள தம் ஊருக்குப் போய்விட்டவர். மீண்டும் ஆடும் எண்ணமும் அவர்க்கு இல்லை. வழக்கில் வென்றால் அவர் பெறுவது ஒன்றுமில்லை. அவருடைய கழகம் ஆள் அனுப்பிப் பணத்தாசை காட்டியது. அவர் இசையவில்லை. வழக்கறிஞரைப் பற்றிய இக்கட்டுரையில், என் மனத்தில் உயர்ந்து நிற்பவர் அவர்தாம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நடுவர் பீட்டர் சைட்ஸ், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று இருசாராரையும் முதலில் வேண்டினார். உரிமையாளர் உடன்படவில்லை. 1975-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் அவர் ஆட்டக்காரர் பக்கம் தீர்ப்பளித்தார். அன்றே உரிமையாளர் அவரைப் பணியினின்று நீக்கினர். பின்னர் நீதிமன்றங்களுக்குச் சென்றும் அவர்கள் வெல்லவில்லை. தொண்ணூற்றாறு ஆண்டு நின்ற கட்டு, ‘ஓராண்டு’ என்னும் ஒரு சொல்லின் நேர்ப்பொருளால் அவிழ்ந்தது.

ஆட்டக்காரர் தம் விருப்பம்போல் குழு மாறினால் செல்வக் கழகங்களே வல்லாரை எல்லாம் வாங்கிக்கொள்ளும். ஊரார் தம் குழுவின்மேல் வைத்த பற்றும் கெடும். இளைஞரைப் பயிற்றுவிக்கச் செய்த செலவுக்கு யார் பொறுப்பு என்று வினவுவர். இவ்வினாக்களை யான் எளிதாகத் தள்ளேன். ஊர்ப்பற்றும் மெய்யானது, பயிற்சிச் செலவும் மெய்யானது. ஆனால் அச்செலவை ஈடுசெய்ய ஒருவன் வாழ்நாள் முழுதும் கட்டுண்டிருத்தல் வேண்டுமோ? 1976-ல் இருசாராரும் பேசி, ஆறாண்டு ஆடியவர்க்கே விடுதலை என வரையறுத்தனர். அவ்வேளையில் சார்லி பின்லி என்னும் உரிமையாளர், அனைவரையும் ஆண்டுதோறும் விடுவித்துவிடுவோம் என்றார். மில்லர் அஞ்சியது அதற்குத்தான்! எல்லாரும் ஒரே நாளில் சந்தைக்கு வந்தால் ஊதியம் தாழும். சிலரே வந்தால் உயரும். நல்லவேளையாகப் பிற உரிமையாளர் பின்லியின் சொல்லைக் கேட்கவில்லை. 1967-ல் ஆண்டுக்கு ஏறத்தாழ 19,000 டாலராக இருந்த சராசரி ஊதியம் 1980-ல் 1,40,000 டாலரைக் கடந்தது. ஆட்டமும் அழியவில்லை, காண்போரும் குறையவில்லை.

வழக்கறிஞர் அனைவரையும் யான் போற்றுவதாக எண்ணற்க. கனடா நாட்டில் ஆலன் ஈகிள்சன் என்னும் வழக்கறிஞர் 1967-ல் பனி ஹாக்கி ஆட்டக்காரர்க்குச் சங்கம் அமைத்துத் தந்தார். கால் நூற்றாண்டு அதன் தலைமையில் இருந்தார். தம் காவலர் எனப் பலர் அவரை நம்பினர். அவரோ ஆட்டக்காரர் பணத்திலேயே மோசடி செய்தார். 1998-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். வேலி பயிரை மேய்ந்த கதை. அவரை வெளிப்படுத்தப் போராடியவர்களும் ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களே.

ஊதியம் மிகப் பெற்ற பெருங்குழுவினர் கதை இதுவரை கூறினேன். அவர்க்குக் கீழே, பயிற்சிக் குழுக்களில் ஆடும் இளைஞர் ஆயிரக்கணக்கானோர் உளர். அவர்கள் சங்கத்தில் இடம் பெறவில்லை. நூறு பேருள் மிகச் சிலரே மேனிலைக் குழுவை எட்டுவர். காரெட் ப்ரோஷுயிஸ் 2004 முதல் ஆறு ஆண்டு அக்குழுக்களில் பந்தெறிந்தார். மேனிலையை எட்டவில்லை. ஆட்டத்தை விட்டபின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, 2014-ல் தம்முடன் ஆடியோர்க்காக வழக்குத் தொடுத்தார். சட்டம் விதித்த குறைந்த கூலிகூட இவர்களுக்குக் கிடைப்பதில்லை. பருவத்துக்கு முன் நடக்கும் பயிற்சிக் கிழமைகளுக்கு ஊதியமே இல்லை என்பது முறையீடு. வார்டைப் போலவே இவரும் கையால் பந்தெறிந்து பின் நூலைக் கையில் எடுத்தவர்.

வழக்கு நடக்கும்போதே, 2018-ல், ஈராயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அரசுச் செலவுச் சட்டம் ஒன்றினுள் சில வரிகள் செருகப்பட்டன. பயிற்சிக் குழுவினர்க்கு நாட்டின் குறைந்த கூலிச் சட்டம் முழுமையாகப் பொருந்தாது என்பது அவற்றின் பயன். அப்பகுதிக்கு இட்ட பெயர், அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காக்கும் சட்டம்! பொழுதுபோக்கு யாருக்கு? பார்ப்போர்க்கு. பகலெல்லாம் பயின்று இரவெல்லாம் பேருந்தில் ஊர் ஊராகச் செல்லும் இளைஞனுக்கு அது வேலை. சொல்லில் ஒளிந்த பழங்கருத்து 1922-லிருந்து 2018 வரை எவ்வளவு தொலைவு நடந்து வந்திருக்கின்றது, காண்க.

ஆயினும் அச்சட்டத்துக்கு எட்டாத பகுதிகளில் வழக்கு நிலைத்தது. 2022-ல் நீதிபதி, பயிற்சிக் காலத்திலும் இவர்கள் வேலையாட்களே எனக் கூறினார். அவ்வாண்டே 18 கோடியே 50 இலட்சம் டாலர் தருவதாக ஒப்பி, பேஸ்பால் தலைமை வழக்கை முடித்தது. ஆயிரக்கணக்கானோர்க்குப் பங்கிட்டபோது தலைக்குக் கிடைத்தது சராசரியாகச் சில ஆயிரம் டாலரே. அதனினும் பெரிய பயன் வேறு. அவ்வாண்டு செப்டம்பரில் பயிற்சிக் குழுவினர் ஆட்டக்காரர் சங்கத்தில் சேர்ந்தனர். 2023-ல் அவர்களுக்கு முதற்கூட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. நடுநிலைக் குழுவில் ஆண்டுக்கு 13,800 டாலர் பெற்றவர் 30,250 டாலர் பெறலாயினர். பத்தொன்பது வயதிலோ அதற்குமேலோ புதிதாக ஒப்பமிடுவோரைக் கழகம் தக்கவைத்துக்கொள்ளும் காலம் ஏழாண்டிலிருந்து ஆறாண்டாயிற்று.